முந்தினவர்

ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். கடலோரச் சாலை. ஒரு பக்கம் மணல் மேடு, மறு பக்கம் இருட்டு… அந்த இருட்டுக்குள் கடல் இருக்கிறது என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும். விளக்குக் கம்பம் கிடையாது. ஒரு வீடு கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருக்கிறது. கேரவன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய நீள வண்டி. ஓட்டுவது ஒரு பெண். பக்கத்து சீட்டில் ஒரு நாய், வண்டிக்கே முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. புருஷன் எங்கே என்கிறீர்களா? பின்னால், தையல் மிஷின்களுக்கு நடுவில், ஒரு முக்காலியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி வருகிறார்.

சிரிக்காதீர்கள். அந்தப் புருஷன் என் நண்பனின் கூடப் பிறந்த அண்ணன்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்திவிடுங்கள்… ம். சொல்கிறேன்.

அண்ணனுக்குத் தையல் மிஷின் ரிப்பேர் வேலை. ஒரு மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கடையில், பல வருஷம் குனிந்தே வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். கோபம் வராது. கல்யாண வயது தாண்டிப்போய், வீட்டில் அம்மாவும் தம்பியும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பெண் கடைக்கு வந்தார்.

அவருடைய புருஷனும் மிஷின் மெக்கானிக்தான். இரண்டு பேரும் கேரவனில் ஊர் ஊராகப் போவார்கள். கடலோர ஊர்கள், உள்நாட்டு ஊர்கள்… எங்கே தையல்காரர்கள் இருக்கிறார்களோ அங்கே வண்டி நிற்கும். ஒருநாள் காலை ஒரு கடற்கரையில் அந்த மனிதர் குளிக்க இறங்கினார். கரை ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. நாய் மட்டும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்ததாம். தூக்கித்தான் வண்டியில் போட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியும், ரிப்பேர் தெரியாது. அண்ணனை வேலைக்குக் கேட்டு வந்தார். போன அண்ணன் சில மாதங்களில் அம்மாவுக்குப் போன் செய்து, இழுத்து இழுத்து, அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொள்ளப்போகிற விஷயத்தைச் சொன்னார். அம்மா அழுதே விட்டார், சந்தோஷத்தில்.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம்.

"வண்டியும் நாயும் என்கூடத்தான் இருக்கும். அது ரெண்டையும் விடச் சொல்லக்கூடாது."

"அதுக்கென்ன" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

நாயின் பெயர் நட்டு. மெக்கானிக் வைத்த பெயர் அல்லவா? செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கி இருக்கும். அது அண்ணனைக் கடித்ததில்லை, குரைத்ததுகூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆளைப் பார்ப்போமே, அப்படிப் பார்க்கும். ரொட்டியை நீட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதே ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு இவர் நகர்ந்தால் சாப்பிடும். முன் சீட்டில் உட்கார்ந்தால் இறங்காது. அண்ணி கெஞ்சிப் பார்ப்பார், அதட்டிப் பார்ப்பார். அப்புறம், "பழக்கம் விடமாட்டேங்குது… நீங்க பின்னாடி உக்காந்துக்கங்களேன், கொஞ்ச தூரம்தானே" என்பார். கொஞ்ச தூரம், கொஞ்ச தூரம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன.

நாயோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எந்த ஊரில் வண்டி நின்றாலும் தையல்காரர்கள் ஓடி வருவார்கள். வந்ததும் அண்ணனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

"முந்தினவர் இல்லையா?"

விஷயத்தைச் சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள். அதோடு விடமாட்டார்கள். "அவர் மிஷினைத் தொடவே வேண்டாம், ஓடுற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கன்னு சொல்லிடுவாரு." "அவர் வந்து பேசினா இந்தத் தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும்." அண்ணன் குனிந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த ஸ்க்ரூடிரைவரே முந்தினவருடையதுதான். மரப்பிடி அந்த மனிதரின் விரலுக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அண்ணனின் விரல் எந்தப் பள்ளத்திலும் உட்காராது.

அண்ணியோ முந்தினவரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அதுதான் அண்ணனைத் தின்றது. பேசினால் சண்டையாவது போடலாம். பேசாத ஆளிடம் என்ன கேட்பது?

ஒருநாள் என் நண்பனுக்குப் போன் வந்தது.

"டேய் தம்பி… செத்துப்போனவன் மேல யாராவது பொறாமைப்படுவாங்களா?"

நண்பன் சிரித்துவிட்டான். "செத்தவன் என்னண்ணா பண்ணப்போறான்? நீதான் உயிரோட இருக்க. அப்புறம் என்ன?"

அந்தப் பக்கம் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் மெதுவாக…

"அவன் வர்றான்டா."

அதற்குப் பிறகுதான் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் நடந்தது ஒரு மீன்பிடி ஊரில். நல்ல தூக்கம். டப்… டப்… டப் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் நாய். படுத்தபடியே வாலால் தரையைத் தட்டுகிறது. பார்வை கதவின் மேல். வெளியே காற்று இல்லை. அப்புறம் அந்த வாசனை… மிஷின் எண்ணெய். கூடவே, நனைந்து நாளாகிப்போன துணி வாசனை. கதவுக்கு வெளியே, வண்டியின் உடம்பை ஒட்டி, யாரோ உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடப்பது மாதிரி ஒரு சத்தம். சர்ர்ர்… பின்பக்கம் போகிறது. நிற்கிறது. திரும்பி வருகிறது.

அண்ணன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அண்ணி விழித்திருந்தார்.

"யாரு அது?"

"காத்து. தூங்குங்க."

"தம்பி, நான் பயந்துட்டேன்னு நினைக்காத" என்றாராம் அண்ணன் போனில். "பயமே வரல. அந்த இருட்டுல உங்க அண்ணி சிரிச்ச மாதிரி இருந்துச்சுடா. என்னைப் பார்த்து ஒருநாள்கூட அப்படிச் சிரிச்சதில்ல."

உள்நாட்டு ஊர்களில் எதுவும் நடக்காது. வயல், தூசி, சந்தை, பள்ளிக்கூடம்… அங்கெல்லாம் நாய் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். அண்ணி வேலையில் இருப்பார், பேசுவார், அண்ணனுக்குத் தலைவலி என்றால் நெற்றியைப் பிடித்துவிடுவார். அந்த நாட்களில் அண்ணன் உண்மையிலேயே நன்றாக இருந்தார். போனில் குரலே மாறியிருக்கும். ஆனால் கொஞ்ச நாள் ஆனதும் அண்ணி ஸ்டியரிங்கைக் கடல் பக்கம் திருப்பிவிடுவார்.

"எதுக்கு அந்தப் பக்கமே போற?"

"அங்கதான் வேலை இருக்கு."

"வேலை இருக்கா… ஆள் இருக்கா?"

அண்ணி கியரை மாற்றினார், அவ்வளவுதான். முன் சீட்டில் நாய் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு துறைமுக ஊரில் பாய்மரத் துணி தைக்கிற பெரிய மிஷின் ஒன்று வந்தது. அண்ணன் நாள் முழுக்க உட்கார்ந்தார். ஓடவில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால்… மிஷின் பாகமெல்லாம் பூட்டி, துடைத்து, எண்ணெய் விட்டு நிற்கிறது. ஊசிக்குக் கீழே ஒரு துண்டுத் துணி. அதில் ஒரே சீராக ஒரு தையல்.

தையல்காரர் வந்தார். ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா… அப்படியே முந்தினவர் கைங்க உங்களுக்கு!"

அந்த மனிதர் பாராட்டத்தான் சொன்னார், பாவம். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே, பூட்டிய மிஷினை மறுபடி பிரிக்க ஆரம்பித்தார். "இது என் வேலை. நான்தான் செய்வேன்" என்று சொல்லிச் சொல்லிப் பிரித்தார். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தார். எறும்புக்குக்கூட ஒதுங்கிப் போகிற மனிதர், அன்றைக்கு அந்தக் கையை உதறிவிட்டார்.

அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டார். நாய் போக வேண்டும். நாய் இருக்கிறவரை அவன் வருவான். முதலில் நாய், அப்புறம் வண்டி.

முந்தினவர் இறங்கிய அதே கடற்கரைக்கு வண்டி வந்தது. காலை நேரம். அண்ணி ஊருக்குள் காய்கறி வாங்கப் போயிருந்தார். அண்ணன் நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார். தண்ணீரைப் பார்த்து அங்கேயே உட்காரட்டும், நாய் ஓடிப்போய்விட்டது என்று சொல்லி வண்டியைக் கிளப்ப வைக்கலாம் என்பதுதான் கணக்கு.

இனிமேல் நடந்ததைப் பார்த்தது ஒரு படகுக்காரர். மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர். என் நண்பன் பிறகு அவரைத் தேடிப்போய்க் கேட்டான். அவர் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்.

"உங்க அண்ணன் நாயை இழுத்துட்டு வரல தம்பி. நாய்தான் அவரை இழுத்துட்டு வந்துச்சு. அப்படி ஒரு வேகம். தண்ணிகிட்ட வந்து நின்னு, கடலைப் பார்த்து வாலை ஆட்டுச்சு பாருங்க… வீட்டு ஆளு பஸ்ஸ விட்டு இறங்கினா ஆட்டுமே, அந்த மாதிரி. எனக்குத் தெரிஞ்சு அங்க யாரும் இல்ல. அலை மட்டும்தான்."

நாய் தண்ணீரில் இறங்கியது. அண்ணன் கயிற்றை விட்டிருக்கலாம். விடத்தானே வந்தார்? விடவில்லை. கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"கத்தினாரு தம்பி. நல்லாக் கேட்டுச்சு. 'எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டியேடா! இதையாச்சும் விடமாட்டேன்! ஆம்பளையா இருந்தா வந்து என் முன்னாடி நில்லுடா!'ன்னு. யாரைத் திட்டுறாருன்னு புரியல. குடிச்சிருக்காருன்னு நினைச்சேன்."

முழங்கால் அளவு. இடுப்பளவு. நெஞ்சளவு… ஒரு அலை வந்தது. பெரிய அலைகூட இல்லையாம். அது போனபோது இரண்டு தலையும் காணவில்லை.

படகுக்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நாய் மட்டும் மேலே வந்தது. நீந்தி வந்து மணலில் உதறிக்கொண்டு, திரும்பிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தது. கயிற்றின் மறுமுனை வெறுமனே கிடந்தது. இவர் ஆள் கூட்டிவர ஊர்ப் பக்கம் ஓடி, இரண்டு பேரோடு திரும்பி வருகிறார்… அப்போது தூரத்தில், ஆழமான பக்கத்திலிருந்து, ஒரு ஆள் எழுந்து வருகிறார். நீந்தவில்லை. நடந்து வருகிறார்.

"இருமல் இல்ல. மூச்சு வாங்கல. தண்ணி குடிச்ச ஆளை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். சந்தைக்குப் போயிட்டு வர்ற மாதிரி வந்தாரு. சட்டை அவருதுதான். முகமும் அவருதுதான்."

நாய் பாய்ந்து போய் அவர் தோளில் முன்காலைப் போட்டது. ஊளையும் அழுகையுமாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு முகம் முழுக்க நக்கியது. அவர் அதன் மடங்கிய காதை நிமிர்த்தி, அதன் அடியில் சொறிந்து கொடுத்தார். படகுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, பயந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டிப் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து வீட்டுக்குப் போன் வரவில்லை. நண்பன் கூப்பிட்டால் அண்ணிதான் எடுப்பார். "வேலையா இருக்கார்", "இப்பத்தான் வெளிய போனார்" என்பார். பின்னால் யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்கும். அம்மா தினமும் நச்சரிக்க ஆரம்பித்தார். "ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வாயேன். எனக்கு மனசே சரியில்ல."

வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு நண்பன் கிளம்பினான். நல்ல பகல் வெயில். கடைத்தெரு ஓரம் கேரவன் நிற்கிறது. சுற்றிலும் தையல்காரர்கள். ஒரே சிரிப்பு. நடுவில் அண்ணன். ஒரு கையால் மிஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, யாரையோ கிண்டல் செய்து பேசிக்கொண்டிருக்கிறார். காலடியில் நாய், அவருடைய பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறது. அண்ணி பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாராம்.

நண்பனுக்கு முதலில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார்! "அண்ணா!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். சிரித்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. பிரயாணம் எல்லாம் சௌகரியமா?"

யோசித்துப் பாருங்கள். கூடப் பிறந்த தம்பியை யாராவது 'வாங்க' என்று கூப்பிடுவார்களா? பிறந்ததிலிருந்து "டேய்" என்று கூப்பிட்ட வாய் அது.

விளையாட்டாக இருக்கும் என்று நண்பன் நினைத்துக்கொண்டான். டீ வந்தது. "அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்காங்கண்ணா" என்றான்.

"அப்படியா? அம்மா நல்லா இருக்காங்களா? நான் விசாரிச்சதா கண்டிப்பா சொல்லுங்க."

அவ்வளவு மரியாதை. அவ்வளவு அன்பு. மாப்பிள்ளை, மனைவியின் தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுவாரே, அப்படி.

நண்பன் டீயைக் குடிக்கவில்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை அண்ணனுடையதுதான். கட்டை விரலில் சின்ன வயதில் கதவில் நசுங்கிய தழும்புகூட இருந்தது. அந்தக் கை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியைப் பிடித்திருந்தது. விரல் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்திருந்தது.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினான். அண்ணி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தார். வழியில் யாரும் இல்லை. பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்த பிறகுதான் நண்பனுக்குக் கேட்க வாய் வந்தது.

"அண்ணி… எங்க அண்ணன் எங்க?"

'என்ன உளறுறீங்க' என்று அவர் திட்டியிருந்தால் என் நண்பன் இன்றைக்கு நிம்மதியாக இருப்பான். அண்ணி திட்டவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்க அண்ணன் ரொம்ப நல்லவர். நான் குறை சொல்லமாட்டேன்" என்றார். "ராத்திரி ஆனா வந்துடுவார். ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு, கதவைத் திற, கதவைத் திறன்னு கேப்பார். கோவமாக்கூட இல்ல. அழுவார். விடியற வரைக்கும் அழுவார்."

"நீங்க… திறக்கலையா?"

"எப்படித் திறக்கறது? உள்ள ஒருத்தருக்குத்தானே இடம்."

பஸ் வந்து நின்றது. நடத்துநர் "ஏறுங்க, ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார். நண்பன் படியில் காலை வைத்துவிட்டான். அண்ணி கீழே நின்றபடி, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார்:

"எனக்கும் மனசு கேக்கல. நேத்து ராத்திரி அவர்கிட்ட சொல்லிட்டேன்… இங்க நிக்காதீங்க, உங்க அம்மா வீட்டுக்குப் போங்கன்னு. அழுகையை நிறுத்திட்டுப் போனார். பாவம், நடந்துதான் போகணும்."

வழி முழுக்க நண்பன் வீட்டுக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை.

அவன் தெருவில் இறங்கியபோது எல்லா வீட்டிலும் விளக்கு அணைந்திருந்தது. அவன் வீட்டில் மட்டும் எரிந்தது. ஓடினான். கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. அம்மாதான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. உதட்டில் விரலை வைத்து, "உஸ்… சத்தம் போடாத" என்றார்.

"அம்மா…"

"மெதுவாடா. உங்க அண்ணன் வந்திருக்கான். தொப்பலா நனைஞ்சு வந்து நின்னான். எத்தனை தடவை துவட்டினாலும் காயவே இல்ல. இப்பத்தான் கண் அசந்தான்."

சொல்லிவிட்டு அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை.

"உன் கட்டிலைக் கேட்டான். குடுத்துட்டேன்" என்றார். "நீ… வேற எங்கயாவது போய்ப் படுத்துக்கோயேன்."

உள்ளே இருட்டில், என் நண்பனின் கட்டிலில், யாரோ புரண்டு படுத்தார்கள்.